வாய்விட்டுச் சொன்னால் அபராதம்

— சாப்பிட்டாத்தான் பதில், தம்பி. வெறும் வயித்தோட வந்து உக்காந்தவன்கிட்ட நான் பேச மாட்டேன்.

— அம்மா, விசாரணைக்குப் போற வீட்டுல தண்ணியைத் தவிர எதுவும் வாங்கிக்கக் கூடாது. எங்க லீக்கோட விதி அது.

— அட, சிவப்பு பீன்ஸும் சோறும் லஞ்சமாய்யா? இன்னைக்குத் திங்கக்கிழமை. இந்த பொகலூசா ஊர்ல எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அடுப்புல இதுதான் கிடக்கும். நியூயார்க்குல உக்காந்து கூடைப்பந்துக்கு விதி போடுறீங்க, போட்டுக்கங்க. என் சட்டிக்குமா?

— பதிவுக்காகச் சொல்றேன், நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்.

— பதிவுக்காகச் சொல்றேன், நான் பரிமாறிட்டேன். டேய் டெல்ரிக், இந்த மனுஷனுக்கு நீயே சொல்லுடா. போன்ல இருக்கியா, வெச்சிட்டியா?

— இருக்கேம்மா.

— பின்னாடி என்ன டொம்மு டொம்முன்னு?

— பந்தும்மா. ஜிம்ல இருக்கேன்.

— கூட யாரு?

— யாரும் இல்ல. எல்லாரும் போயாச்சு.

— பந்தைக் கீழே வைடா ராசா. பெரியவங்க பேசுறாங்க இல்ல. நீங்க கேளுங்க, கேரிட்டி தம்பி. ஒரு வாய் போட்டுக்கிட்டே கேளுங்க.

— சரி. இன்னைக்குப் பேசப்போறது எல்லாம் இந்தக் கருவியில பதிவாகும். நான் லீக்கோட விசாரணை அதிகாரி லீலண்ட் கேரிட்டி. பேசுறவங்க எர்லீன் மகீ, பஃபலோ அணி ஆட்டக்காரர் டெல்ரிக் மகீயோட அம்மா. டெல்ரிக் பஃபலோவிலிருந்து என் போன் ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டு இருக்கார். அம்மா, எட்டு நாள் முன்னாடி ஞாயித்துக்கிழமை ஆராதனையில நீங்க எழுந்து சொன்னதை எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன். படிக்கட்டுமா?

— தாராளமா. நான் ஒண்ணும் ஒளிச்சுப் பேசலையே.

— "சபையாரே, என் மகன் டெல்ரிக்குக்காக ஜெபம் பண்ணுங்க. வாராவாரம் ஞாயித்துக்கிழமை எனக்கு போன் பண்ணி, அம்மா, இந்தப் பனிக்காட்டுலருந்து என்னைக் கூட்டிட்டுப் போன்னு அழுறான். கர்த்தர் அவனை பஃபலோ டீம்லருந்து விடுவிச்சு, நியூ ஆர்லியன்ஸ் டீம்ல கொண்டுவந்து சேர்க்கணும். அங்கருந்து நம்ம ஊர் ஒண்ணரை மணி நேரம்தான்." இது நீங்க சொன்னதுதானே?

— ஒரு வார்த்தை விடாம எழுதியிருக்கீங்களே! எங்க போதகர் பிரசங்கத்தை இப்படி ஒரு பய எழுதினதில்ல. ஆமா, நான் சொன்னதுதான்.

— எதுக்குச் சொன்னீங்க?

— இதென்ன கேள்வி? ஜெப விண்ணப்பம் நேரம்னு ஒண்ணு இருக்கு, தம்பி. பாட்டு முடிஞ்சு, காணிக்கைக்கு முன்னாடி. கால் வலிக்கிறவ கால் வலிம்பா. புருஷன் குடிக்கிறவ அதையும் சொல்லுவா. நான் பிள்ளையைச் சொன்னேன். கர்த்தர்கிட்டச் சொன்னதை நியூயார்க்குல உங்களை யாரு ஒட்டுக்கேக்கச் சொன்னா?

— ஒட்டுக்கேக்கலை. ஆராதனை நேரடியா வீடியோவுல போகுதே.

— அது எங்க சபை ஊழியர், டீக்கன் பர்விஸ் பண்ற வேலை. நோய்க்காலத்துல சபைக்கு வர முடியாதவங்களுக்குன்னு ஒரு கேமராவை நட்டு வெச்சார், அப்புறம் பிடுங்கவே இல்ல. அதை யாரு பாக்குறா? ஆஸ்பத்திரியில கிடக்கிற ரெண்டு கிழவிங்க, டல்லஸ்ல இருக்கிற டீக்கன் மக, இன்னும் நாலஞ்சு பேரு. மொத்தம் கூட்டினா ஒரு வேன்ல ஏத்திரலாம்.

— இந்த வீடியோவை இதுவரைக்கும் இருபது லட்சம் பேர் பாத்திருக்காங்க.

— ஸ்தோத்திரம்! இருபது லட்சமா? ஐயையோ, அன்னைக்கு என் தொப்பி வேற ஒரு பக்கமாச் சாஞ்சு இருந்துச்சே.

— நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ளேயே கீழே 'ஆமென்' போட ஆரம்பிச்சிருக்காங்க. பாருங்க, இதுவும் பதிவுல இருக்கு. காலையில பதினொண்ணு நாப்பத்திரண்டு, முதல் ஆமென். பேர் இல்லை, படம் இல்லை. அதுக்கப்புறம் நீங்க சொன்ன ஆஸ்பத்திரிக்காரங்க. அப்புறம்தான் வெளி ஆளுங்க வெள்ளமா வந்திருக்காங்க.

— அந்தப் பேர் இல்லாத ஆளா? அது எங்க ஆளுதான். வாராவாரம் வரும். கடைசி பாட்டு வரைக்கும் இருக்கும். ஆமென்னு ஒரு வார்த்தை போடும், போயிரும். டீக்கன் அது தேவதூதன்னு சொல்லுவார், அவருக்கு எல்லாமே தேவதூதன்தான். எங்க சபை லூவீனியா அக்கா, ஜெயில்ல இருந்து எவனோ பாக்குறான்னு சொல்றா. எனக்கும் அப்படித்தான் தோணும். ஒரு துணையும் இல்லாத ஜீவன் ஏதோ ஒண்ணு, எங்கயோ ஒரு அறைக்குள்ள. நான் தினம் படுக்கப் போறப்ப அதுக்கும் சேர்த்து ஒரு வரி ஜெபம் பண்ணிக்குவேன்.

— சரி, அது விஷயத்துக்கு வெளியே. நாம விதிக்கு வருவோம்.

— சோள ரொட்டியைத் தொட்டுக்கங்க, காய்ஞ்சிரும். ம், விதி.

— ஒப்பந்தத்துல இருக்கிற ஆட்டக்காரர் 'என்னை வேற அணிக்கு மாத்திக் குடுங்க'ன்னு பொதுவுல கேக்கக் கூடாது. அவருக்காக அவரோட ஏஜென்டோ, குடும்பமோ கேட்டாலும் அவர் கேட்ட மாதிரிதான்.

— அப்ப போகணும்னு நினைக்கிறவன் என்னதான் பண்ணுவான்?

— நிர்வாகத்துக்கிட்ட, கதவைச் சாத்திக்கிட்டுச் சொல்லலாம். ஆசைப்படறதுக்குத் தடை இல்லைம்மா. வாய்விட்டுச் சொல்றதுக்குத்தான் தடை.

— இது என்னய்யா அநியாயம்? காகித ஆலையில முப்பது வருஷம் வேலை பாத்தேன். சூப்பர்வைசர் பிடிக்கலைன்னா மதியச் சாப்பாட்டுல உக்காந்து ஊரே கேக்கச் சொல்லுவோம். அவனும் கேட்டுட்டு அவன் பாட்டுக்குப் போவான். மனசுல இருக்கிறதை வாயில கொண்டுவராம எப்படி இருப்பீங்க?

— இருக்காங்க. பழகிக்கிறாங்க.

— என்னால ஆகாது. எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சா ஞாயித்துக்கிழமைக்குள்ள சபைக்கே தெரிஞ்சிரும். இவன் சின்னப் பையனா இருக்கிறப்பவே கிண்டல் பண்ணுவான். "அம்மாகிட்ட ரகசியம் சொல்றதும் கோயில் மணியை அடிக்கிறதும் ஒண்ணு"ம்பான். ஏண்டா, சொல்லுவேல்ல?

— ம்.

— என்னடா ம்? மாட்டுக்குப் பதில் சொல்ற மாதிரி.

— அவரைப் பேச வேண்டாம்னு அவர் வக்கீல் சொல்லியிருக்கார், அம்மா. நான் கேட்டா மட்டும்தான் பதில். இப்ப முக்கியமான கேள்வி. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. டெல்ரிக் உங்ககிட்ட, பஃபலோவை விட்டு வரணும்னு சொன்னாரா?

— சொல்லாம? வாராவாரம்! ஆராதனை முடிஞ்சு நான் வீட்டுக்குள்ள நுழையறதுக்கும் போன் அடிக்கிறதுக்கும் சரியா இருக்கும். அரை மணி, முக்கா மணி பேசுவான். பிள்ளைன்னா அப்படி இருக்கணும்னு லூவீனியாவே சொல்லியிருக்கா.

— அம்மா...

— நீ சும்மா இரு ராசா. இதுல என்ன வெக்கம்?

— மகீ அம்மா, அப்படின்னா அவர் சொன்னதைத்தான் நீங்க பொதுவுல கேட்டிருக்கீங்க. அது விதிமீறல். அபராதம் உறுதி.

— அபராதமா? எவ்வளவு?

— இந்த வீட்டையும் உங்க சபைக் கட்டடத்தையும் சேர்த்து வித்தாலும் அவ்வளவு வராது.

— கர்த்தாவே! ஒரு ஜெபத்துக்கா?

— ஜெபத்துக்கு இல்லை. அவர் சொல்லி அனுப்பின சேதிக்கு.

— அவன் ஒண்ணும் சொல்லி அனுப்பலையே! இருங்க, இருங்க. அதை அழிங்க. அந்தக் கருவியில பின்னாடி போக முடியாதா?

— முடியாது.

— அப்ப இதையும் சேர்த்துக்கங்க. அவன் எங்கிட்ட அப்படிச் சொல்லவே இல்லை. நானா இட்டுக்கட்டிச் சொன்னது.

— அம்மா, நான் இருபத்திரண்டு வருஷமா இந்த வேலை பாக்குறேன். அபராதம்னு சொன்ன உடனே எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்லுவாங்க. ஒரு நிமிஷம் முன்னாடிதான் வாராவாரம் முக்கா மணி நேரம்னீங்க.

— அது பொய்.

— எது பொய்? முன்னாடி சொன்னதா, இப்ப சொல்றதா?

— அந்த மைக்ரோவேவ் மேலே என் போன் இருக்கு. எடுங்க. எடுங்க தம்பி, கை எட்டும். கடவுச்சொல் எல்லாம் கிடையாது. யாரு யாரு கூப்பிட்டாங்கன்னு வரிசையா வருமே, அதைத் தொறங்க.

— இதை நீங்க கட்டாயம் காட்டணும்னு இல்லை...

— தொறங்கன்னா. ராசான்னு போட்டிருக்கும், அதுதான் அவன். தேடுங்க.

— லூவீனியா... டீக்கன் பர்விஸ்... மருந்துக் கடை... லூவீனியா... லூவீனியா... மருந்துக் கடை...

— இன்னும் கீழே.

— டீக்கன்... பல் டாக்டர்... லூவீனியா...

— இன்னும் கீழே போங்க.

— ராசா. ஜூன் பதினாலு. ரெண்டு நிமிஷம்.

— அன்னைக்கு என் பொறந்தநாள். ரெண்டு நிமிஷம்கூட இல்ல, ஒண்ணே முக்கால். போன்தான் கூட்டிப் போட்டிருக்கு. எட்டு மாசம் ஆச்சு. கிறிஸ்துமஸுக்கு ஆட்டம் இருக்குன்னு இவனோட ஆபீஸ்லருந்து ஒரு பொண்ணு சேதி அனுப்பினா. ஒரு பெரிய பழக்கூடையும் வந்துச்சு. தனியா ஒரு ஆளு அத்தனை பேரிக்காய் எப்படித் தின்னும்? அக்கம்பக்கத்துக்குக் குடுத்துட்டேன்.

— அம்மா, போதும்மா.

— என்னடா போதும்? இத்தனை நாள் ஆளைக் காணோம், இப்ப வந்து போதும்னா?

— வேலை இருந்துச்சும்மா.

— ஆமா, வேலை. கேரிட்டி தம்பி, நம்புறீங்களா இப்ப?

— நம்புறேன். ஆனா எதுக்கு இப்படி ஒரு பொய்? பதிவுக்காகக் கேக்குறேன்.

— பதிவுக்கு அதெல்லாம் எதுக்கு?

— சரி. பதிவுக்கு வேண்டாம். எனக்காகச் சொல்லுங்க.

— லூவீனியா மகன் ஆலையில லாரி ஓட்டுறான். அவ்வளவுதான் அவன். ஆனா ஞாயித்துக்கிழமை காலையில அவ கையைப் பிடிச்சுப் படி ஏத்தி விடுவான். அவ தொப்பியை நேராக்கி விட்டுட்டு, பின்னாடி போய் உக்காருவான். அதைப் பாத்துக்கிட்டே நான் படியோட கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சு ஏறுவேன். ஏறி முடிச்சா ஆளுக்கு ஆளு கேப்பாங்க, டெல்ரிக் எப்படி இருக்கான், என்ன சொன்னான். டிவியில பாக்குறது எல்லாரும்தான் பாக்குறாங்க, எனக்குன்னு தனியாச் சொல்ல என்ன இருக்கு? முதல்ல ஒரு தடவை, 'நேத்து பேசினான்'னு சொன்னேன். அடுத்த வாரமும் கேட்டாங்க. அப்புறம் என்ன, நானே அவனுக்குப் பேச்சு தயார் பண்ணிக் குடுக்க ஆரம்பிச்சிட்டேன். சோறு பொங்குறப்ப யோசிப்பேன், இந்த வாரம் அவன் என்ன சொல்லியிருப்பான்னு. அழுதான்னு சொன்னது போன வாரம்தான். தேடுறவன் அழுவான்னு நினைச்சேன். எனக்கு அவன் என்னைத் தேடணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்.

— நான் போன வியாழக்கிழமை டெல்ரிக்கோட பஃபலோ வீட்டுக்குப் போயிருந்தேன். நோட்டீஸ் குடுக்க.

— அப்படியா! நான் இன்னும் பாத்ததில்ல. எப்படி இருக்கு? பெருசா?

— ரொம்பப் பெருசு. ஏரியைப் பாத்த மாதிரி. கூடத்துல ஒரே ஒரு நாற்காலிதான் இருந்துச்சு. எதிர்ல சுவர் அளவுக்கு ஒரு டிவித் திரை. நான் நின்னுக்கிட்டேதான் கையெழுத்து வாங்கினேன்.

— ஒரு நாற்காலியா! டேய், ஆறு வருஷமா அங்க இருக்கே. வீட்டுக்கு வர்றவங்க எங்கடா உக்காருவாங்க?

— யாரும் வர்றதில்லம்மா.

— மகீ அம்மா, முடிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணு விளக்கணும். நீங்க இப்ப சொன்னதை வெச்சு வழக்கை மூடிடலாம். டெல்ரிக்குக்கு அபராதம் இல்லை. ஆனா லீக் ஒரு அறிக்கை வெளியிடும். வீடியோ இருபது லட்சம் பேருக்குப் போனதால அறிக்கையும் பேப்பர், டிவி எல்லாத்துலயும் வரும்.

— என்னன்னு வரும்?

— "ஆட்டக்காரர் அப்படி எதுவும் சொல்லவில்லை, அவர் தாய் கற்பனையாகச் சொன்னது என்று விசாரணையில் தெரிந்தது." இந்த மாதிரி வரும்.

— தாய் கற்பனையா.

— பொகலூசாவுலயும் படிப்பாங்க.

— படிக்காம? லூவீனியா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டுப் படிப்பா. நான் மாதர் சங்கத் தலைவி, தம்பி. மாசத்து முதல் ஞாயிறு வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தொப்பியுமா முதல் பெஞ்சுல உக்காருறவ. தேவனோட வீட்டுல எழுந்து நின்னு பொய் சொன்னவன்னு ஆகிப்போச்சுன்னா அப்புறம் அந்த பெஞ்சுல எனக்கு என்ன வேலை?

— நீங்க வேணும்னா பதில் சொல்ல மறுக்கலாம். அப்ப முடிவு லீக் கையில போயிடும். பெரும்பாலும் அபராதம்தான்.

— வேண்டாம். போட்டுக்கங்க, தாய் கற்பனைன்னே போட்டுக்கங்க. தொப்பியைப் பெட்டியில வெச்சிடறேன். கடைசி பெஞ்சும் சபைக்குள்ளதானே இருக்கு.

— அம்மா, நீ அப்படிச் சொல்ல வேண்டாம். அதை எழுதாதீங்க சார்.

— டெல்ரிக், பேசாம இருங்க. இது உங்களுக்குச் சாதகமானது.

— அவங்களை அந்தப் படியில தனியா ஏற வெச்சிட்டு எனக்கு எதுக்கு சார் சாதகம்?

— ராசா, சும்மா இருடா. அபராதம் கட்டுறதுக்கா ராப்பகலா ஓடுறே? எனக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டு வாரம் பேசுவாங்க. அப்புறம் எவ வீட்டுலயாவது எவனாவது குடிப்பான், அங்க போயிருவாங்க.

— போன் பண்ணியிருக்கணும்மா நான்.

— பண்ணியிருக்கலாம்.

— பண்ணினா நீ கேப்பே. கேட்டா நான் உன்கிட்டப் பொய் சொல்லணும். அதான்...

— என்னத்தைக் கேப்பேன்? சாப்பிட்டியான்னு கேப்பேன். அதுக்கா பொய்?

— டெல்ரிக், நான் எச்சரிக்கிறேன். கேட்டதுக்கு மட்டும். இன்னும் மூணே கேள்வி, எல்லாத்துக்கும் ஒரு வார்த்தை போதும். நீங்க உங்க அம்மாகிட்ட, பஃபலோவை விட்டு வரணும்னு எப்பவாவது சொன்னீங்களா?

— இல்லை.

— பாத்தீங்களா, தம்பி. நான்தான் சொன்னேனே.

— சபையில பேசச் சொல்லி அவங்களைக் கேட்டுக்கிட்டீங்களா?

— இல்லை.

— நல்லது. கடைசி. இது வழக்கமா எல்லார்கிட்டயும் கேக்குறது. இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா கருவியை அணைச்சிடுவேன், நானும் இந்த ரொட்டியை நிம்மதியாச் சாப்பிடுவேன். அணியை விட்டுப் போகணும்னு நீங்க, நீங்களே, பொதுவுல எங்கயாவது, வாயாலயோ எழுத்தாலயோ கேட்டது உண்டா?

— சொல்லுடா ராசா, இல்லைன்னு. சோறு ஆறுது அந்த மனுஷனுக்கு.

— அணைச்சிட்டீங்களா சார்?

— இன்னும் இல்லை. உங்க பதில் வரணும்.

— அணைக்காதீங்க. உண்டு சார், எழுத்தால. அம்மா, நீ தினம் ஒரு வரி ஜெபம் பண்றியே, ஜெயில்ல இருக்கிறவன்னு நினைச்சு... அந்த முதல் ஆமென் நான் போட்டதும்மா.